கொடிகாமத்தில் பெற்றோல் விலை

கொடிகாமச் சந்தையடியில் மோட்டார் சைக்கிள் நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது, ஆனால் திரும்பக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். போரால் எரிபொருளுக்குத் தடை வந்தபின் அது தெருவோரத்துப் போத்தல்களில்தான் கிடைக்கிறது. அங்கே விற்கிற பெண் நேற்றைய விலையின் இரண்டு மடங்கு சொல்கிறாள்.

“ஒரு ராவுக்குள்ளை இப்பிடி ஏத்துறதோ?” எரிந்து விழுகிறேன்.

“நேவிக்கு ஒளிச்சுக் கிளாலிக் கடலாலை பெற்றோல் எடுக்கப்போன வள்ளம் இன்னும் வரேல்லை, அண்ணை.”

“வந்தால் குறைப்பியளோ?”

“ஓம். பாதிக்குத் தருவன்.”

புனல் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் என் சின்னப் போத்தலுக்குள் ஊற்றுகிறாள். மூடியை இறுக்கிக்கொண்டே மெல்லச் சொல்கிறாள்:

“விலை விழவேணும் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன். அந்த வள்ளத்திலை போனது என்ரை மனுசன்.”