பின்னால் வந்த வீடு

டபள் கெப் வண்டியின் பின்னால் கரவனை மாட்டி மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போவது ஒரு காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அதற்கு முன் பல வருடங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினேன். பிறகு, பொகவந்தலாவைக்கு மேலே ஒரு பழைய பங்களாவை விடுதியாக்கியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே வருகிற உல்லாசப் பயணிகளுக்கு அறையில் படுத்தால் போதாதாம். தேயிலைக்கு நடுவே, சக்கரம் வைத்த வீட்டில் படுக்க வேண்டுமாம். கட்டில், அடுப்பு, கழுவும் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தக் கரவனை அவர்கள் கேட்கிற இடத்தில் கொண்டுபோய் வைப்பதும், திரும்ப இழுத்துவருவதும் என் வேலை.

"நாம பரம்பரையா ஒத்தைக் காம்பராவுல கெடக்கோம். இவங்க அதுலயும் சின்னதுக்குள்ள வந்து ஆசையாப் படுக்குறாங்க பாருங்க" என்று என் மனைவி சிரிப்பாள். ஆனால் அவளுக்கும் அந்தக் கட்டில் மேல் ஒரு கண் இருந்தது. விடுதிக்கு வரும்போதெல்லாம் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். "ஒரு நாளைக்கு என்னையும் இதுல ஏத்திக்கிட்டுப் போங்களேன்" என்பாள். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. நான் ஒரேயடியாக மறுத்துவிடுவேன். வீட்டில் ஒரு ஆணியை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவன், அவளிடம் மட்டும் விதி பேசுவேன்.

இழுக்கிற வண்டிக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே கனத்தைத் தப்பான இடத்தில் வைத்தால் இறக்கத்தில் வாலை ஆட்டத் தொடங்கும், முன்னால் போகிற கெப்பையும் சேர்த்து ஆட்டும். அதனால் பயணிகளின் கூடாரம், நாற்காலி, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் நான் கெப்பிலேயே ஏற்றிவிடுவேன். பின் சீட்டு வரைக்கும் அடைத்துக் கட்டுவேன். கரவன் வெறுமையாக, வெண்ணெய் மாதிரி பின்னால் வரும். அதில் எனக்குக் கர்வம்.

அன்று காலை பயணிகள் ஹட்டனுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். விடுதியிலிருந்து புறப்பட்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ரோட்டுக்கு வந்தபோது, மனைவியின் தங்கை ஓடிவந்து வண்டியை மறித்தாள். அவள் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது என்றாள். மனைவிக்குப் பிரஷர் உண்டு. ஹட்டனில் கிளினிக். இந்த மாதம் போகவேண்டிய நாளைத் தவறவிட்டிருந்தாள். தவறவிட்டவன் நான்தான். வேலை இருந்தது, அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன்.

இரண்டு பேரும் தாங்கி அவளை ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். முன் சீட்டில் உட்காரவைத்தோம், ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "உக்கார முடியலங்க. படுத்தாத் தேவல" என்றாள்.

எங்கள் தோட்டங்களில் நோயாளியைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோவோம். கொழுந்து லொறியில் சாக்கை விரித்துக் கிடத்தினால், சுற்றிலும் நாலு பெண்கள் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். ஏதாவது ஆனால் என் தலைக்குப் பின்னாலுள்ள தகரத்தில் தட்டுவார்கள், நிறுத்துவேன். அப்படி எத்தனை பேரை ஆஸ்பத்திரி சேர்த்திருக்கிறேன்! அந்தப் பழக்கம்தான் கையை இழுத்தது. பின் சீட்டுச் சாமானை இறக்க எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிடம். ரோட்டோரத்தில் போட்டிருந்தால்கூட யாரும் தூக்கிப்போயிருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றவே இல்லை. மெத்தை போட்ட கட்டில் பின்னால் சும்மா இருக்கிறது என்பதுதான் தோன்றியது.

கட்டிலில் படுத்ததும் அவள் முகம் தெளிந்தது. "கடசியில ஏத்திட்டீங்க பாத்தீங்களா" என்றாள்.

"நானும் உள்ள ஏறிக்கிறேன் மச்சான்" என்றாள் தங்கை.

"ரெண்டு பேரு ஏறினா வண்டி ஆடும். நீ வேலைக்குப் போ, பேரு விழாம இன்னைக்குச் சம்பளம் போயிரப் போகுது" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். என் வாயால்தான் சொன்னேன்.

வளைவுகளில் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளியே ஒரு பூட்டுப் போட்டிருந்தோம். பூட்டட்டுமா என்று கேட்டேன்.

"பூட்டுங்க. நான் எங்க ஓடிப் போகப்போறேன்?" என்றாள். "ஏதாச்சும்னா தட்டு" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு பக்குவமாக என் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் சின்ன கியரிலேயே இறக்கினேன். வளைவில் அகலமாக எடுத்து, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, அவள் உடம்பு அலுங்காமல் கொண்டுபோனேன். இஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நோர்வூட்டில் நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் கரவன் ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளுக்காக ஒரு விதியை மீறிவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கெப்பும் கரவனும் ஒன்றல்ல. இடையில் ஒரு கொக்கியும் வெறும் காற்றும்தான். பின்னால் யார் தட்டினாலும் முன்னால் கேட்காது. லொறிக்காரன் புத்திக்கு அது எட்டவில்லை.

ஆஸ்பத்திரி வளவில் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் கதவு தானாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் சாய்ந்திருந்தவள் என் மேல் விழுந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் போர்வை தரையில் இழுபட்டுக் கிடந்தது. வலது கை விரல்முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி கட்டிலில் கிடத்தி, போர்வையைப் போர்த்தினேன். கையை உள்ளே வைத்து மூடினேன். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

இதயம் நின்றுவிட்டது, சீக்கிரம் வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்ல மனிதர். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது.

சாவு வீட்டில் எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான். மெத்தையில், தூக்கத்திலேயே, நோகாமல் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். நான் தலையாட்டினேன். எட்டாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்தபின், தங்கை மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஏறியிருந்தா காப்பாத்தியிருப்பேனா மச்சான்? அக்கா யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாளோன்னு நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

"யாரையும் கூப்பிடலம்மா. நான் படுக்கவெச்ச மாதிரியே இருந்தா. போர்வகூட வெலகல" என்றேன்.

அவள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அது போதும் மச்சான், அது போதும்" என்று அழுதாள்.