ஆட்டம் பார்த்த கை

லாரி ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்புவார். மற்றவர் கீழே குந்தி, முன்சக்கரத்தை இழுக்கும் கம்பியின் முனையில் கை வைத்துப் பார்ப்பார். கம்பி அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மேலே அவர், கீழே நான்.

பொம்பளைக்கு லாரிக்கடியில் என்ன வேலை என்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். லாரியைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டரை முதல் கூட்டத்திலேயே சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்கள், பிறகு அகப்பட்டவனையெல்லாம் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. வயல்காட்டு ஊரான பெண்டாங்கிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவர லாரி வேண்டுமே, அதனால் என் வீட்டுக்காரரை மட்டும் விட்டுவைத்தார்கள். "லாரி நல்லா ஓடுற வரைக்கும் உனக்குச் சயாம் இல்ல" என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அவரிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குச் சோறு, தூக்கம் எல்லாம்.

கிரீஸ் கண்ணில் காணக் கிடைக்காது. தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கம்பி மூட்டுகளில் ஊற்றினேன். என் தலை காய்ந்து பரட்டையாகப் போனது. அந்த எண்ணெயும் நிற்கவில்லை, வழிந்து செம்மண்ணைப் பிடித்துக்கொண்டு மூட்டை இன்னும் தேய்த்தது. மாட்டுக் கொழுப்புதான் நிற்கும் என்று பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர் கொஞ்சம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிக் கும்பிட்ட வண்டியில் மாட்டுக் கொழுப்பா என்று கேட்டார். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் எனக்குப் புருஷனாக இருங்கள், அது போதும் என்று சண்டை பிடித்து நானே அப்பினேன். விற்க வழியில்லாமல் குவிந்து கிடந்த ரப்பர் ஷீட்டில் வளையம் வெட்டி, மண் போகாமல் மூட்டைச் சுற்றிக் கட்டினேன். ஆட்டம் நின்றது. பொல்லாத சந்தோஷம் எனக்கு.

ஒரு நாள் காலையில் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்தான். சுற்றுவட்டார லாரிகளை ரப்பர் பால் கொட்டகை முன் நிறுத்தச் சொன்னான். தேறியது இரண்டுதான்: எங்களுடையது ஒன்று, அடுத்த தோட்டத்துடையது ஒன்று. அடுத்த தோட்டத்து லாரியில் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினான். பாதி சுற்று சுற்றியும் சக்கரம் அசையவில்லை. அதன் டிரைவருக்குக் கன்னத்தில் ஓர் அறை விட்டு, மரவள்ளி நட அனுப்பினான். ஐயோ பாவம், இவரை அடுத்த கூட்டத்தில் அள்ளிக்கொண்டு போவார்களே என்று நான் பரிதாபப்பட்டேன்.

பிறகு எங்கள் லாரியில் ஏறினான். ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தான். சிரித்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "நல்ல லாரி, நல்ல டிரைவர்னு சொல்றாரு. ரெண்டும் சயாமுக்கு வேணுமாம்."

கிராணியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுக் கொழுப்பைத் தொட்ட பாவம் என்று பிறகு லயத்தில் பேசினார்கள். நாக்கு எரிந்து போகட்டும். சாமியா வந்து ஆள் பிடித்தது? அறை வாங்கிய அந்த டிரைவர் ஜப்பான் சண்டை முடிந்ததும் பஸ் ஓட்டினார், பெண்களைக் கட்டிக்கொடுத்தார், பேரன் பேத்தி எடுத்தார். என்னைக் கண்டால் "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்பார். எனக்கு வயிறு எரியும். அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. எரியத்தான் செய்தது.

என் வீட்டுக்காரர் கிளம்பியதை இன்னும் சொல்லவில்லை. மாற்று வேட்டி எடுக்கக்கூட வீட்டுக்கு விடவில்லை. ஏறி உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முன்கண்ணாடியையே பார்த்தார். துப்பாக்கிக்காரன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தான். அப்போது, தினம் சொல்வதைப் போலவே சொன்னார்:

"கை வச்சுப் பாரு, புள்ள."

குந்தினேன். கம்பி முனையில் கை வைத்தேன். மேலே மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பினார். கொழுப்பும் மண்ணும் என் விரலில் ஒட்டின. சக்கரம் அவர் கையோடு சேர்ந்தே அசைந்தது.

"ஆடுதா?"

"ஆடலீங்க."

"அப்ப சரி" என்றார்.

நான் எழுந்து விலகி நின்றேன். லாரி செம்மண் பாதையில் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. கோயில் வளைவில் எப்போதும் கொஞ்சம் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறாமல் திரும்பிப் போய்விட்டது.