மூக்கோரத்து மச்சம்

அரசாங்க வேலைக்கு ஒருவர் தேர்வானால் அவருடைய நடத்தையை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். விசாரிக்க வருபவர் விண்ணப்பதாரர் வீட்டில் காபி குடிக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்த வருவாய் ஆய்வாளர் காபி குடித்தார்.

விண்ணப்பதாரர் என் தாய்மாமா. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் தொழிற்கூடத்தில் வண்ணம் தீட்டும் வேலை. அதுவரை மாமாவின் அனுபவம் எல்லாம் ஊர்ச் சுவர்களில் அடுப்புக்கரியால் ஆட்களை வரைந்ததுதான். பெயர் போட மாட்டார். அந்த மாதம் ரயில்வே கூட்ஸ் ஷெட் சுவரில் ஓர் அதிகாரி மனுக்கட்டுகளைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இடது மூக்கோரத்தில் மிளகு அளவு மச்சம். இப்போது எங்கள் வீட்டு நாற்காலியில் காபியுடன் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே இடத்தில் அதே மச்சம்.

எனக்கு ஒன்பது வயது. யார் என்ன கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்லும்படி அம்மா காலையிலேயே பழக்கிவைத்திருந்தாள். மாமா கொல்லையில், கிணற்றுக்குப் பின்னால் இருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவரை நெல்மூட்டை தூக்க சேத்தியாத்தோப்புக்கு அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருந்தார்.

“ஏம் பாப்பா, கூட்ஸ் ஷெட்டு செவுத்துல படம் போட்டது யாருன்னு தெரியுமா?” என்றார் ஆய்வாளர்.

“தெரியாதுங்க.”

“சினிமாக் கொட்டாயில பேனர் எழுதுறவன்னு பேசிக்கிறாங்க. இந்த ஊருல நல்லாப் போடுறவன் அவன் ஒருத்தன்தானே?”

இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவரு போட்டா மூக்கு மொளகா பஜ்ஜி மாதிரி இருக்குங்க. மச்சத்த சரியா அந்த எடத்துல வெக்க எங்க மாமாவாலதான் முடியும்!”

உள்ளே அம்மியில் அரைபட்டுக்கொண்டிருந்தது நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். ஆய்வாளரின் விரல் தானாக மூக்குக்குப் போய்த் திரும்பியது. பிறகு அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை அப்பாவிடம் படித்தும் காட்டினார்: நன்னடத்தை உடையவர், ஓவியத் திறமை மிக்கவர், உடனடியாக நியமிக்கலாம்.

“வேலைக்குப் போவட்டுங்க. காலையில போனா சாயங்காலந்தான் வூடு. அப்புறம் செவுத்துப் பக்கம் போவ ஏது நேரம்?” என்று சிரித்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

கிணற்றுக்குப் பின்னாலிருந்து வந்த மாமா என்னைத் திட்டவில்லை.

“மச்சம்னு சொன்னியே, அவரு கை எங்க போச்சு?”

“மூக்குக்கு.”

“எந்தப் பக்கம்?”

“எடது.”

“அப்ப சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“அடி வாங்காமத் தப்பிச்சதே பெருசு, பேச்சப் பாரு!” என்றாள் அம்மா.

மறுவாரமே கூட்ஸ் ஷெட் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மாமா வேலைக்குப் போனார். ஊர்ச் சுவர்கள் அதன்பின் காலியாகவே இருந்தன. ஒருவரை நிறுத்த அலுவலகத்தில் இரண்டு வழி உண்டு: ஒன்று நடவடிக்கை, மற்றொன்று நியமனம். இரண்டாவதற்கு மேல்முறையீடு கிடையாது. இதைக் கற்க எனக்கு முப்பத்தாறு ஆண்டு சர்வீஸ் தேவைப்பட்டது.

அடுத்த நவராத்திரிக்கு அம்மாவோடு ஆய்வாளர் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். கீழ்ப்படியில் பருப்பும் அரிசியும் பரப்பிவைத்து, புதுப் பீங்கான் செட்டியார் பொம்மை தொந்தியோடு உட்கார்ந்திருந்தது. இடது மூக்கோரத்தில் மிளகு அளவு மச்சம். அம்மா என் கையைக் கிள்ளினாள். ஆய்வாளர் மனைவி சுண்டலை நீட்டி, “கடையில இருந்த அத்தன செட்டியாருக்கும் இதே மொகந்தான். ராசியான மொகம்னு கடைக்காரரு சொன்னாரு” என்றார். ஆய்வாளர் பொம்மையைப் பார்க்காமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். கரியை ஒரு வாளி சுண்ணாம்பில் அழித்துவிடலாம். சூளையில் வெந்ததை உடைத்தால்தான் போகும். கொலுப் பொம்மையை யார் உடைப்பார்கள்?

மாமா அந்தத் தொழிற்கூடத்திலேயே பெரிய ஓவியராகி ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் செட்டியாருக்கு மச்சம் வைத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாதிரிப் பொம்மையில் இருந்தது. முன்னுதாரணம் இருந்துவிட்டால் காரணம் தேவையில்லை.

அன்று கொலுவிலிருந்து ஓடிவந்து மாமாவிடம் கேட்டேன்:

“வேலை வாங்கிக் குடுத்தாருன்னு நன்றிக்குத்தானே அவரு மொகத்தப் போட்ட?”

“ஆமாம், நன்றிக்குத்தான்” என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எவ்வளவு நல்லவர் என் மாமா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.