பிரேமின் கம்ப்யூட்டர் நின்றுபோகும் இடம்

நான் பார்க்காததையும் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டே பேசுவேன். அதை மறைக்கவில்லை. ஆனால் இதை நான் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் சொந்த வாயால் வாசித்தேன். சிரிக்கிறவர்கள் எங்கள் ஊர் குளுவாங்குக்கு வாருங்கள், வீட்டைக் காட்டுகிறேன். உள்ளே மட்டும் நான் வரமாட்டேன்.

என் பெயர் செல்வராணி. எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று என்னிடம் கேட்கலாம். பக்கத்து வீட்டுக் கமலநாதன் அங்கிள் வீட்டில் மட்டும் குழம்பே கிடையாது. நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் குடும்பம். மனைவி போன பிறகு ரொட்டியும் டின் சார்டின் மீனும்தான். கண்ணில் புரை விழுந்து, பேப்பரின் தலைப்புகூடத் தெரியாது. ஆனால் கால்சட்டை மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கும். யாருக்குக் காட்டவோ!

போன வருடம் அலமாரியின் அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. கீபோர்டும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும், டிவியில் மாட்டி ஓட்டுகிற ரகம். மகன் பிரேமகுமாருடையது.

பிரேமகுமார் கதை தாமானுக்கே தெரியும். எண்பத்தொன்பதில் அவனுக்கு எஸ்.பி.எம்., பள்ளி இறுதிப் பரீட்சை. பையனோ எந்நேரமும் அந்தப் பெட்டி முன்னால். ஒரு சாயங்காலம், "அப்பா, வந்து பாருங்க, உங்களுக்குத்தான் செஞ்சேன்" என்று கூப்பிட்டிருக்கிறான். அங்கிள் வந்தார். பார்க்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, "புத்தகத்தை எடு" என்றார். பையன் புத்தகத்தை எடுக்கவில்லை, மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஆயர் ஈத்தாம் சாலையில் லாரி.

அன்று அவன் காட்ட நினைத்ததை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அங்கிளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை. டிஸ்க் ஒன்றும் பெட்டியோடு கிடைத்திருந்தது.

உதவிக்கு வந்தவன் பின் லோரோங் சந்தில் இருக்கும் ஜெயபாலன். வாரம் முழுக்க சிங்கப்பூரில் புது மெஷின்களோடு வேலை. சனிக்கிழமை வந்தால் பழைய மெஷின்களைக் கொஞ்சுவான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கில் இருந்ததை ஒரு சின்னக் கார்டுக்கு மாற்றினான். "சும்மா ஓட்டுனா எப்படி? ஜோரா ஓட்டலாம் லா" என்று புது மெமரி போட்டான். வேகமான ப்ராசசர் போட்டான். அதுதான் மூளையாம். சூடு தணிய ஒரு குட்டி விசிறியும் வைத்தான். அது கொசு மாதிரி ங்ங்... என்று பாடும்.

என் வேலை வாசிப்பது. அங்கிளுக்குக் கண் தெரியாதே. எனக்கும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

முதல் நாள் நீலத் திரை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அப்பா, பாக்குறீங்களா?"

அவ்வளவுதான். நின்றுவிட்டது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு. அணைங்க அங்கிள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுங்க" என்றான் ஜெயபாலன்.

போட்டார். அதே இடத்தில் நின்றது. அணைத்தார்.

மெமரியை மாற்றினான். நின்றது. பள்ளிக்கூட ரப்பரால் மெமரியின் செம்புக் கால்களைத் தேய்த்தான். நின்றது. பவர் பெட்டியை மாற்றினான். நின்றது. "ஒரு நேரத்துல ஒன்னைத்தான் மாத்தணும் ஆன்ட்டி. ரெண்டை மாத்துனா எது திருடன்னு தெரியாது" என்று எனக்குப் பாடம் வேறு. மாதங்கள் போயின. நான் வாசித்து முடிப்பதற்குள் அங்கிளின் விரல் சுவிட்சில் இருக்கும். நிற்கும், அணைப்பார். நிற்கும், அணைப்பார்.

பிறகு ஒரு நாள் எழுத்து மாறியிருந்தது.

"அப்பா, இருக்கீங்களா?"

"மெமரி கோளாறு ஆன்ட்டி. எழுத்து மாறத்தான் செய்யும்."

"எழுத்து மாறலாம் தம்பி. அர்த்தத்தோடயா மாறும்?"

"நீங்க முதல்ல கண்ணாடியை மாத்துங்க."

அங்கிள் சிரிக்கவில்லை. அணைத்தார்.

அடுத்த ஞாயிறு நான் இல்லை. ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணம். நான் இல்லாத ஒரே ஞாயிறு அதுதான். அன்று பார்த்தா...

செவ்வாய்க்கிழமை. மணி நாலேகால். வானம் கறுத்து இடி உருண்டுகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கிள் கூப்பிட்டார்.

"ராணி, ஒருக்கா வந்து வாசிச்சுச் சொல்லும்."

போனேன். டிவியில் நீலத் திரை. என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதுவோ குறைந்தது போல இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் புரிந்தது. அந்தக் குட்டி விசிறி பாடவில்லை.

"அப்பா, இருக்கீங்களா?" என்று வாசித்தேன்.

"இருக்கிறன்" என்றார் அங்கிள்.

என்னிடம் சொல்லவில்லை.

டிக்.

கீபோர்டில் இருந்து சத்தம். அங்கிளின் கை மடியில் இருந்தது. என் கை என் கழுத்தில் இருந்தது.

டிக்... டிக்... டிக்...

"பாக்குறீங்களா?"

"கண் தெரியாது தம்பி. ராணி வாசிக்கிறா."

பெரிய இடி. வீட்டு மின்சாரம் ட்ரிப் ஆனது. மேலே விசிறி சுற்றி ஓய்ந்தது. சமையலறையில் பிரிட்ஜ் அடங்கியது.

திரை மட்டும் அணையவில்லை.

அலமாக்... எழுந்து ஓட நினைத்தேன்.

டிக். டிக். டிக்.

"வாசியும்" என்றார்.

வாசித்தேன்.

"இந்தத் தடவை அணைக்காதீங்க."

டிக். டிக்.

"இதோ..."

அங்கே நின்றது.

மழைச் சத்தம்.

எழுத்து நகரவில்லை.

"நின்னுடுச்சு அங்கிள்..."

டக்.

இருட்டு.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சனிக்கிழமை ஜெயபாலன் வந்ததும் வாசலிலேயே பிடித்துச் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். அவன் செய்யவில்லை. பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினான். உள்ளே மெமரி. ப்ராசசர். கார்டு. குட்டி விசிறி.

"போன ஞாயிறே கழட்டிட்டுப் போயிட்டேன் ஆன்ட்டி. சிங்கப்பூர்ல டெஸ்ட் பண்ண. அந்தப் பெட்டிக்குள்ள மூளையே இல்ல. அங்கிள்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்..."

இரண்டு பேரும் அங்கிளிடம் போனோம். நான் வாசற்படியோடு சரி.

"தெரியும்" என்றார். "ஞாயிறு பின்னேரத்தில இருந்து தட்டுற சத்தம் கேட்டது. என்ன சொல்லுறான் எண்டு தெரியேல்லை. அதுதான் உம்மைக் கூப்பிட்டன்."

"அப்புறம் ஏன் அங்கிள் அணைச்சீங்க?"

அவர் தன் வலது கைவிரலைப் பார்த்தார். கண் தெரியாதவர், அதை வெகுநேரம் பார்த்தார்.

"நின்னுடுச்சு எண்டீர். கை தானாப் போயிட்டுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஜெயபாலன் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். போட்டான். ஓடியது. அன்றிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. நீலத் திரை வருகிறது, அப்படியே இருக்கிறது. எழுத்து ஒன்றும் இல்லை. அவன் கார்டில் இருந்த பையனின் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தான். திரையை நீலமாக்குகிற நாலு வரிதான் அதில் இருந்தது. கேள்வி எதுவும் இல்லை. "அப்பா" என்ற சொல்லே இல்லை.

தெருவுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்குச் செஞ்சதை அவன் சேவ் பண்ணவே இல்ல ஆன்ட்டி. அங்கிள் அணைச்சப்பவே எல்லாம் போயிருக்கும். முதல் நாள்லருந்து நாம பார்த்தது... எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

இதை அங்கிளிடம் நாங்கள் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சுவிட்சின் மேல் பிளாஸ்டர் சுற்றி ஒட்டியிருக்கிறார். காயத்துக்குப் போடுவது போல, அடுக்கடுக்காக. யாரும் அணைக்க முடியாது. அவராலும் முடியாது. பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது.

தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"ராணி, ஏதும் எழுதியிருக்கோ?"

சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். நீலம். வெறும் நீலம்.

"இல்ல அங்கிள்."