ஏழு பேர் பயிற்சியும் நானே முடித்தேன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரையும் சேர்த்து ஏழு பேர். ஏழு பேருடைய இணையவழிப் பயிற்சியையும் முடித்தது நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் எங்கள் பள்ளி. மாதம் ஒரு பயிற்சி தவறாமல் வரும். வகுப்பில் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது, ஸ்மார்ட் போர்டில் எப்படிப் பாடம் நடத்துவது என்று முக்கால் மணி நேர வீடியோ. முடிவில் பத்துக் கேள்வி. ஒவ்வொரு ஆசிரியரும் தம் போனில் தாமே பார்த்துத் தேற வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் வழக்கம் வேறு. சாப்பாட்டு மணி அடித்ததும் ஏழு போனும் என் மேஜைக்கு வந்துவிடும். சத்தத்தை அணைத்து, ஏழிலும் வீடியோவை ஓடவிட்டு, நான் பாட்டுக்குத் தயிர்ச்சோறு சாப்பிடுவேன். வீடியோவில் ஓர் அம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னமோ விளக்கிக்கொண்டிருப்பாள். பாவம், ஏழு போனிலும் அவளை யாரும் பார்த்ததில்லை.

கேள்விகளுக்கு ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் என் போன். குத்துமதிப்பாகத் தட்டுவேன். எது தப்பு என்று மட்டும் அது காட்டும். அடுத்த போனில் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தட்டுவேன். இப்படி மார்க் ஏறிக்கொண்டே போய், கடைசியாக வரும் கணக்கு டீச்சரின் போனில் நூற்றுக்கு நூறு விழும். அவர் போன் எப்போதும் கடைசிதான். கைப்பைக்குள் பைபிளுக்கும் குடைக்கும் கீழே கிடக்கும் அதைத் தேடி எடுக்கவே அவருக்கு நேரம் வேண்டும். பாளையங்கோட்டைக்காரர், அடுத்த மே மாதம் ஓய்வு. போனில் பேசி முடித்தால் அணைப்பதற்குக்கூட என்னிடம்தான் நீட்டுவார்.

அந்த மார்க்கையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார் என்று யார் கண்டது?

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கடிதம் வந்தது. தொடர்ந்து முழு மதிப்பெண் பெற்ற கணக்கு டீச்சர், வட்டாரத்து ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் போர்டு பயிற்சி கொடுக்கும் கருத்தாளர். தொடர்ந்து குறைந்த மதிப்பெண் பெற்ற நான், அவரிடம் பயிற்சி பெற வேண்டியவள். தலைமையாசிரியரான பெரிய சார் இரண்டு தரம் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மார்க் நடுவாந்திரம், அவருக்கென்ன.

கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"முப்பத்தி மூணு வருஷம் ஒரு சொல்லு வாங்காம வேல பாத்திருக்கேன். போற நேரத்துல அத்தன வாத்தியாருக்கு முன்னால நின்னு அசிங்கப்படணுமா? என்ன டீச்சர் இப்படிச் செஞ்சு வச்சிருக்கிய!"

"நான் சொல்லித் தாரேன், விடுங்க. நமக்குத் தெரியாததா?" என்றேன். எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம்.

எங்கள் ஸ்மார்ட் போர்டு பெரிய சார் அறையில் பூப்போட்ட போர்வைக்குள் இருந்தது. தூசி பட்டுவிடும் என்று வந்த நாளிலேயே மூடியது. போர்வையை விலக்கினோம். டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நான் நடுவில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் தட்டினேன். பின்னால் எட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டார்.

"ஏன் டீச்சர், இதப் பத்தி வந்த பயிற்சிய நீங்க ஏழு தரம் பாத்தியள்லா?"

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக அந்த வீடியோவைச் சத்தம் வைத்துப் பார்த்தோம். சுவிட்ச் வலது பக்கம் அடியில் இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

அதற்கப்புறம் பத்து நாள் டீச்சர் அந்த அறையே கதியென்று கிடந்தார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு முக்கோணத்தை விரலால் வரைந்து, அதன் மூன்று முனையையும் வெட்டி, ஒரே கோட்டில் ஒட்ட வைத்து, மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று காட்டக் கற்றுக்கொண்டார். "ஏசப்பா! இதுக்கு எத்தன வருஷமா காயிதம் வெட்டிக்கிட்டுக் கெடந்தேன்!" என்று கத்தினார். நான் ஆமவடை தின்றுகொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

பயிற்சி நாளன்று அம்பாசமுத்திரத்தில் ஒரு ஹால் நிறைய ஆசிரியர்கள். நான் கடைசி வரிசை. டீச்சர் எழுந்து நின்றார். பாடத்தை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், அவர் வேறு எதையோ ஆரம்பித்தார்.

"நூறு மார்க்கு வாங்கினவள்னு என்னயக் கூப்பிட்டிருக்காவ. அந்த மார்க்கு நான் வாங்கினதில்ல. பயிற்சிய நான் பாக்கவே இல்ல. பத்து நாளாத்தான் எனக்கு இதோட பழக்கம். சொந்தமாப் பாத்துத் தேறினவிய யாராவது இருந்தா இங்கன வாங்க. நான் அங்கன போய் உக்காந்துக்கிடுதேன்."

அடுத்து என் பெயர் வரும் என்று குனிந்துகொண்டேன். வரவில்லை. ஹாலில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. வாசலில் நின்ற வட்டாரக் கல்வி அதிகாரிக்குத் திடீரென்று அவசரமாக ஒரு போன் வந்தது.

"அப்பச் சரி," என்றார் டீச்சர். போர்டுப் பக்கம் திரும்பினார். "பையப் பாப்போம். சுவிட்ச்சு வலது பக்கம் அடியில இருக்கு."

மூன்று மணி நேரம் நடத்தினார். ஒருவரும் டீ குடிக்க வெளியே போகவில்லை. எங்கள் டீச்சர் என்று பக்கத்தில் இருந்தவளிடம் வலியப் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

முடிவில் தேர்வு. போனில் இல்லை, தாளில். எனக்குப் பத்துக்கு ஆறு. பட்டியலில் மார்க் ஏற்றிக்கொண்டிருந்த டீச்சரின் பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், எட்டுன்னு போடுங்களேன்."

"ஆறுதான எடுத்திருக்கிய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எத்தன நூறு போட்டுத் தந்திருக்கேன்! எனக்கு ரெண்டு மார்க்குப் போடக் கூடாதா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"அந்த நூறு என்னயப் பத்து நாளு சோறு திங்க விடல டீச்சர். அத உங்களுக்கு நான் செய்வேனா?"

ஆறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.