சம்பந்தியின் காதும் ஒரு படுக்கை விரிப்பும்

சம்பந்தி கொண்டுவரும் பொருளை வேண்டாம் என்று சொல்வதற்கு நடைமுறை எதுவும் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாவற்றுக்கும் நடைமுறை தெரிந்தவன் என்று பெயர். இதற்கு மட்டும் தெரியவில்லை. மகள் வாழும் வீட்டிலிருந்து வருகிற பொருள். மறுத்தால் பொருளை மட்டும் மறுத்ததாகாது.

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர் அவர். போன பொங்கலுக்கு ஒரு புது ஆம்ப்ளிஃபயரையும் அதை ஸ்பீக்கரோடு இணைக்க விரல் தடிமனில் செப்புக் கம்பியையும் தூக்கிக்கொண்டு, மனைவியோடு எங்கள் வீட்டு மேட்டில் ஏறி வந்தார். மூச்சு அடங்குவதற்குள் என் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி வாசலில் வைத்தார். பழைய இரும்புக்காரனிடம் சொல்லிவிட்டாராம். நானே பற்றுவைத்துப் பற்றுவைத்து உயிரோடு வைத்திருக்கும் பெட்டி. என் காலைகள் அதில்தான் தொடங்குகின்றன.

புதியதில் ஒரு பாட்டைப் போட்டார்.

"கேளுங்க சம்பந்தி. தபேலா தனியா நிக்குது. பாடுறவரு தனியா நிக்கிறாரு."

எனக்குக் கேட்டது ஒன்றுதான்: சத்தம் அதிகம். ஒரு கோப்பையில் தூளைக் கூடுதலாகப் போட்டுவிட்டு இதுதான் உயர்ந்த தேயிலை என்றால் தொழிற்சாலையில் சிரிப்பார்கள். அங்கே சுவை பார்க்கும்போது எல்லாக் கோப்பைக்கும் ஒரே எடை, ஒரே கொதிநீர், ஒரே நேரம். எதில் எந்தத் தேயிலை என்பது சுவைப்பவருக்குத் தெரியக்கூடாது.

அதையே சொன்னேன். அவர் பார்க்காமல் கேட்டுப் புதியதைக் கண்டுபிடித்துவிட்டால், பழையதை நானே இரும்புக்காரனிடம் சுமந்து போகிறேன். முடியாவிட்டால் அது தன் இடத்துக்குத் திரும்பும். தன் காதின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. உடனே சம்மதித்தார்.

அறையின் குறுக்கே படுக்கை விரிப்பைக் கட்டினேன். முன்னால் ஸ்பீக்கர்கள். பின்னால் ஒரு பக்கம் புதியதும் அதன் தடித்த கம்பியும், மறுபக்கம் பழையது, நடுவில் ஒரு சுவிட்ச். சத்தம் அளக்கும் செயலி என் கைப்பேசியில் இருந்தது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். சுவிட்சை இயக்க என் ஆள் வேண்டாம் என்று அவருடைய மனைவியையே உட்கார வைத்தேன். ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் புதியது, பூ விழுந்தால் பழையது என்று சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சின் ஓசை காட்டிக்கொடுக்காதபடி முதலில் அதை இங்குமங்கும் ஆட்ட வேண்டும். பேசவே கூடாது, குரலில் உண்மை கசியும்; தயாரானதும் எவர்சில்வர் தட்டில் ஒரு தட்டு.

"பிள்ளைங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சடங்கு இல்லைங்களே சம்பந்தி," என்றபடி அவர் விரிப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தட்டு ஒலித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையை அசைத்து, தயக்கமே இல்லாமல் "புதுசு", "பழசு", "இதைப் போய் கேக்கணுமா, புதுசு" என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டே போனார். விரிப்புக்கு இந்தப் பக்கம் என் மனைவி குறித்தாள். அந்தப் பக்கம் அவர் மனைவி குறித்தார். ஒத்துப் பார்த்தோம். பன்னிரண்டில் ஆறு சரி. அந்தக் காசையே நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டிருந்தாலும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கும்.

"துணி சத்தத்தை மறைக்குதுல்ல," என்றார். ஸ்பீக்கர்கள் அவர் முழங்காலுக்கு எதிரே இருந்தன. பதில் சொல்ல வேண்டிய அவர் மனைவி விரிப்பை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கல்யாணமான நாள்லருந்து என் கொழம்புல உப்பு கூட, உப்பு கொறையங்கிறாரு. இனிமே திரையைக் கட்டிட்டுத்தான் இவருக்குச் சோறு போடணும்."

சம்பந்தியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள், இத்தனை நாளாகத் தெரியாத நடைமுறை எனக்குப் பிடிபட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோவில் ஆம்ப்ளிஃபயர் போன திருவிழாவில் கருகிப்போனது. புதியதை அங்கே வைத்தால், நாள் தவறாமல் உங்கள் பெயரைச் சொல்லி உபயம் என்று ஒலிபரப்புவார்களே என்றேன். சத்தம் மட்டுமே கணக்கில் வரும் இடம் அது. அவர் முகம் மலர்ந்தது. பழையதைத் தன் கையாலேயே தூக்கி அலமாரியில் வைத்தார்.

கோவிலுக்கு நீளமான கம்பி வேண்டும், தடித்தது வேண்டாம் என்று அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய இரும்புக்காரன் சொன்னபடி வந்தபோது அது வாசலில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ஒசத்திங்க ஐயா," என்றான். "நல்ல எடை."

தடித்த கம்பியின் அருமையைச் சரியாகக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். காதை அவன் பயன்படுத்தவே இல்லை.