நூல்காரரும் பெல்ட்காரரும்

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ம், காட்டுங்க பெரியப்பா" என்கிறார் ரோஸ்மேரி. நான் ஒரு படத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன். வெள்ளை முடி, பச்சைக் காலர், சற்றே குனிந்த முகம். ஜப்பானிய வீடியோ கேம் ஒன்றின் நாயகி.

"நூல்காரரு."

படத்தைத் திருப்புகிறேன். பின்பக்கம் நான் பென்சிலால் போட்ட குறியும் அதையே சொல்கிறது. குறி போடுவதில் பிசகமாட்டேன் என்பதால்தான் அடுத்த வீட்டுக்காரனான என்னிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்.

மரியநாதபுரத்து வீட்டில் இருந்தபடியே, பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு விளையாட்டு உருவங்கள் வரைந்து அனுப்புகிறார் ரோஸ்மேரி. படத்திலிருக்கும் நாயகியை முதல் பாகங்களில் ஓர் ஓவியர் வரைந்தார்; பிந்திய பாகங்களில் வேறொருவர். அதே பெண், அதே உடை, வேறு கை. "பேரச் சொன்னா உங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கிரும்" என்று எனக்காக அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்.

நூல்காரரின் கோடு தடித்துத் தொடங்கி, முடியைப் போல மெலிந்து, தாடைக்குச் சற்று முன்பே நின்றுவிடும். பெல்ட்காரரின் கோடு எங்கும் ஒரே தடிமன். அவர் வரையும் பெண்ணின் உடம்பெல்லாம் பெல்ட்டும் கொக்கியும். "பெல்ட்காரரு பொண்ணு தண்ணிக்குடம் தூக்கும். நூல்காரரு பொண்ணு டீ கிளாஸத் தூக்குனாலே மணிக்கட்டு பிசகிரும். ஆனா அழுகைன்னா நூல்காரருதான். கண்ணீரே வரைய மாட்டாரு. கீழ் இமைக் கோட்டை நடுவுல லேசா விட்டுருவாரு. அம்புட்டுத்தான்" என்பார் ரோஸ்மேரி.

பெல்ட் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், படங்களைக் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார். மிச்சம் முகமும் கோடும் மட்டும்.

சிறு வயதிலிருந்தே அவருக்குச் சர்க்கரை. ஆயக்குடிக் கொய்யாவைக்கூட இனிப்பு ஏறாத செங்காயாகத்தான் கடிப்பார். சர்க்கரை இப்போது இடது கண்ணின் விழித்திரையைத் தொட்டிருக்கிறது. மதுரை டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் பார்க்கச் சொன்னார்; கோடு கலங்கினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். ரோஸ்மேரி அதைப் பரணில் போட்டுவிட்டு, பதிலுக்கு இந்தப் படங்களை எடுத்துக்கொண்டார். "கட்டம் மனப்பாடமாப் போயிரும் பெரியப்பா. கண்ணு போனப்புறமும் கட்டம் தெரியுதுன்னு சொல்லிருவேன்."

அடுப்படியில் அவருடைய அம்மா ஆரோக்கியம்மாள் கீரை ஆய்கிறார், விரல்களால் தடவித் தடவி. அவருக்கும் இதே சர்க்கரைதான். பார்வை முழுதும் போய்விட்டது. தினமும் அங்கிருந்தே கேலி செய்வார்: "யாரு கைன்னு கண்டுபிடிச்சிட்டியாடி? எனக்கு எல்லாப் பயலும் ஒரே கைதான்!"

ரோஸ்மேரி சிரிப்பார். சிரிக்கும்போதும் உள்ளங்கை கண்ணைவிட்டு இறங்காது.

தண்ணீர் ஊற்றும்போது ஆரோக்கியம்மாள் டம்ளருக்குள் ஒரு விரலை விட்டுக்கொள்வார். நிறைந்தது அப்படித்தான் அவருக்குத் தெரியும். ஒரு மாலை ரோஸ்மேரியும் டம்ளருக்குள் விரல் விட்டு ஊற்றுவதைப் பார்த்தேன். கண்கள் இறுக மூடியிருந்தன. என் செருப்புச் சத்தம் கேட்டதும் விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் நூல்காரரின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அடுத்தது."

காட்டினேன்.

"மொதல்ல காட்டுனது." பிறகு, "ரெண்டையும் சேத்துப் பிடிங்க."

சேர்த்துப் பிடித்தேன். முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். அவருடைய மூச்சில் தாள் அசைந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றார் ஆரோக்கியம்மாள். "ஒனக்கும் எல்லாப் பயலும் ஒரே கையாப் போச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்மா." ரோஸ்மேரி சிரிக்கவில்லை.

"மதுரைக்கு வண்டி சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம் பெரியப்பா. வெளிச்சம் பத்தல. அதான்."

எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு மேலே ஏறியிருந்த வெயில் மேசை முழுவதும் கிடந்தது. படத்தின்மீது என் விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்திருந்தது.

ரோஸ்மேரி கண்ணிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய், ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார். இப்போது நிஜமாகவே வெளிச்சம் பத்தவில்லை.